ஒப்புதலின் நிபந்தனை: நீதிபதி தோராப் பட்டேலும் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியும்

பாகிஸ்தானில் ராணுவத்துக்குப் பணிய மறுத்த நீதிபதிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் தோராப் பட்டேலின் பெயர் முன்வரிசையில் வந்துவிடும். 1924இல் குவெட்டாவில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். மும்பையிலும் லண்டனிலும் படித்தார். கராச்சியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1967இல் உயர் நீதிமன்றத்துக்கும் 1976இல் உச்ச நீதிமன்றத்துக்கும் நீதிபதியானார். அவரைப் பற்றி எழுதப்படும் அஞ்சலிகளும் நினைவுக் குறிப்புகளும் இரண்டு நிகழ்வுகளைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று, முன்னாள் பிரதமர் சுல்பிகர் அலி பூட்டோவின் மரண தண்டனையை உறுதிசெய்த 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு. மற்றொன்று, 1981 மார்ச்சில் ஜெனரல் ஜியா உல் ஹக்கின் தற்காலிக அரசியலமைப்பு ஆணையின்கீழ் பதவிப் பிரமாணம் ஏற்க மறுத்து அவர் வெளியேறியது. இவ்விரண்டுக்கும் முன்னால், 1977இல் நடந்த ஒன்று பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அதே ஜியாவின் ஆட்சிக் கவிழ்ப்பைச் செல்லும் என்று ஒருமனதாக அறிவித்த ஒன்பது நீதிபதிகளில் பட்டேலும் ஒருவர்.

அப்படியானால் அவர் எதிர்த்தது எதை? ராணுவ ஆட்சியையா, அந்த ஆட்சியின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தையா? இக்கட்டுரை ஆராய்வது இந்தக் கேள்வியைத்தான். 1981ஆம் ஆண்டு மறுப்பை 1977ஆம் ஆண்டு ஒப்புதலிலிருந்து பிரித்துப் பார்த்தால் வீரக்கதை ஒன்று கிடைக்கும், ஆனால் வரலாறு கிடைக்காது. 1977இல் நீதிமன்றம் கொடுத்த ஒப்புதல் ஒரு நிபந்தனையோடு கூடியது. அந்த நிபந்தனையை ராணுவம் முறித்தபோது, ஒப்புதல் கொடுத்தவர்களில் ஒரு சிலர் மட்டுமே அதைத் தங்கள் பதவியைக் கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடனாகக் கருதினார்கள். பட்டேலின் எதிர்ப்புக்கு வலிமை தருவது இந்த நேர்மை. அதன் எல்லையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முன்கதை: மூன்று தீர்ப்புகள்

1977ஐப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய மூன்று தீர்ப்புகளைச் சுருக்கமாகவேனும் பார்த்தாக வேண்டும். 1954இல் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அரசியலமைப்பு அவையைக் கலைத்தார். அதை எதிர்த்து அவையின் தலைவர் தமீசுதீன் கான் தொடுத்த வழக்கு 1955இல் தலைமை நீதிபதி முகம்மது முனீர் முன் தோற்றது. மாறுபட்டு எழுதியவர் ஏ.ஆர். கார்னீலியஸ் ஒருவரே. 1958 அக்டோபரில் நாட்டின் முதல் ராணுவ ஆட்சி வந்தபோது, வெற்றிபெற்ற புரட்சி தன் சட்டத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது என்று டோசோ வழக்கில் முனீர் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு வந்த 27ஆம் தேதி இரவே ராணுவத் தளபதி அயூப் கான் குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சாவைப் பதவியிலிருந்து இறக்கினார். தீர்ப்பு கட்டிக்காத்த ஆட்சியாளர் ஒரு பொழுதுகூட நிலைக்கவில்லை. 1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் டோசோவைத் தவறான தீர்ப்பென்று நிராகரித்து, ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானை அதிகாரத்தை அபகரித்தவர் என்றது. ஆனால் அப்போது யாஹ்யா பதவியிழந்து மாதங்கள் ஆகியிருந்தன. பாகிஸ்தான் நீதிமன்றங்கள் அபகரிப்பாளரை அபகரிப்பாளர் என்று அழைத்தது அவர் போன பிறகுதான் என்ற விமர்சனம் இங்கிருந்து தொடங்குகிறது, அது நியாயமானதும்கூட.

மாறுபட்ட ஒரு தீர்ப்பை மட்டும் வைத்து ஒரு நீதிபதியை எடைபோடுவதில் உள்ள ஆபத்துக்குக் கார்னீலியஸே சான்று. 1955இல் தனித்து நின்ற அவர், பின்னர் தலைமை நீதிபதியாகி ஓய்வுபெற்றதும் யாஹ்யா கானின் ராணுவ அரசில் சட்ட அமைச்சரானார். ஒரு நாள் எழுதிய தீர்ப்பு வாழ்நாள் முழுவதற்குமான உத்தரவாதம் ஆகிவிடாது.

1977: கொடுக்கப்பட்டது என்ன?

1977 ஜூலை 5 அன்று ஜியா ஆட்சியைக் கைப்பற்றினார். அக்டோபரில் தேர்தல் என்று வாக்களித்தார். கணவரின் தடுப்புக்காவலை எதிர்த்து நுஸ்ரத் பூட்டோ தொடுத்த மனுவைத் தலைமை நீதிபதி யாகூப் அலி விசாரணைக்கு ஏற்றார். அடுத்த சில நாட்களில் அவர் பதவியில் இல்லை. பூட்டோ காலத்தில் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தின் பலத்தில் ஓய்வு வயதைக் கடந்தும் அவர் நீடித்துக்கொண்டிருந்தார். ஜியா அத்திருத்தத்தை ஓர் ஆணையால் நீக்கினார். அன்வாருல் ஹக் தலைமை நீதிபதியானார். நீதிபதிகள் புதிய பிரமாணம் ஏற்றார்கள். அரசியலமைப்பைக் காப்பேன் என்ற உறுதிமொழி அதில் இடம்பெறவில்லை.

நவம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு டோசோவை உயிர்ப்பிக்கவில்லை. வெற்றிபெற்ற புரட்சி என்ற வாதத்தை ஏற்காமல் அவசியக் கோட்பாட்டின்மேல் நின்றது. 1973ஆம் ஆண்டு அரசியலமைப்பே இன்னும் நாட்டின் மேலான சட்டம், அதன் சில பகுதிகள் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. ஆட்சிக் கவிழ்ப்பு அரசியலமைப்புக்கு வெளியே எடுக்கப்பட்ட, சூழலின் நெருக்கடியால் மட்டுமே நியாயம் பெறும் இடைக்கால நடவடிக்கை. கூடிய விரைவில் தேர்தல் நடத்தப்படும் என்பதே அதற்கு அடிப்படை. ராணுவ நிர்வாகியின் செயல்கள் உண்மையில் அவசியமானவையா என்று ஆராயும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்குத் தொடர்ந்து உண்டு. தீர்ப்பின் சாரம் இது. இதே தீர்ப்பு அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்தையும் ஜெனரலிடம் ஒப்படைத்தது. தேர்தலுக்குக் கெடு எதுவும் விதிக்கவில்லை. இத்தனைக்கும், அக்டோபர் தேர்தல் என்ற முதல் வாக்குறுதி தீர்ப்புக்கு முன்பே உடைந்திருந்தது.

திருத்தும் அதிகாரம் ஏன் கொடுக்கப்பட்டது? பாகிஸ்தானின் அரசியலமைப்பு வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டும் ஒரு தர்க்கம் இங்கே முக்கியமானது. அரசியலமைப்பைத் திருத்த ஜியாவுக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் யாகூப் அலியை நீக்கிய ஆணையே செல்லாததாகியிருக்கும். தீர்ப்பை எழுதிய அன்வாருல் ஹக் தாம் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டியிருக்கும். அவசியக் கோட்பாடு யாருடைய அவசியத்துக்கு உதவியது என்ற கேள்வியை இந்த இடத்தில் தவிர்க்க முடியாது.

பட்டேலை விமர்சிப்பவரின் முதல் ஆட்சேபம் இங்கிருந்துதான் எழும். 1981இல் அவரை வெளியேற்றிய ஆணையை எழுதும் பேனாவை 1977இல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் அல்லவா? ஆம். இதைப் பூசி மெழுகுவதற்கு ஒன்றுமில்லை. அப்போது ராணுவ ஆட்சியைச் செல்லாதென்று அறிவித்திருந்தால் ஜியா பணிந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. பணிந்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு நீதிபதி எழுதும் தீர்ப்பின் சரி தவறு ஆட்சியாளர் கீழ்ப்படிவாரா என்பதைப் பொறுத்து முடிவாவதில்லை. அந்தத் தீர்ப்பில் கையெழுத்திட்ட ஒன்பது பேரும் ஒரு ஜெனரலின் வாக்குறுதியைச் சட்டத்தின் இடத்தில் வைத்தார்கள். அதே சமயம், நீதிப் புனராய்வு தொடரும் என்ற பகுதியை வெறும் அலங்காரமாக ஒதுக்குவதும் சரியல்ல. அதை நம்பிச் செயல்பட்ட நீதிமன்றங்கள் இருந்தன. மீர் குதா பக்ஷ் மர்ரியின் தலைமையில் பலூசிஸ்தான் உயர் நீதிமன்றம் ராணுவ நீதிமன்றங்களின் தண்டனைகளில் தலையிட்டது இந்தத் தீர்ப்பு விட்டுவைத்த இடைவெளியின் வழியாகத்தான். அந்த இடைவெளியை 1979, 1980 ஆண்டுகளின் திருத்தங்கள் சுருக்கின. 1981இல் அது முழுவதுமாக அடைபட்டது.

1979: சாட்சியச் சட்டத்துக்குள் ஒரு மறுப்பு

பூட்டோ வழக்கின் அடிப்படை விவரங்கள் பலரும் அறிந்தவை. 1974 நவம்பரில் லாகூரில், எதிர்க்கட்சி வரிசையில் இருந்த அகமது ரசா கசூரியின் காரைக் குறிவைத்துத் துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருடைய தந்தை நவாப் முகம்மது அகமது கான் இறந்தார். புலனாய்வு முடிவேதும் காணாமல் 1975இல் கோப்பு மூடப்பட்டது. ராணுவம் வந்த பிறகு அது மீண்டும் திறக்கப்பட்டது. கூட்டாட்சிப் பாதுகாப்புப் படையின் தலைமை இயக்குநராக இருந்த மசூத் மஹ்மூத், ராணுவ ஆட்சியின் காவலில் இருந்தபோது, பூட்டோவே ஆணையிட்டார் என்று வாக்குமூலம் கொடுத்து அப்ரூவர் ஆனார். கொலை வழக்கு வழக்கமாகச் செல்லும் அமர்வு நீதிமன்றத்துக்குப் போகாமல் நேரடியாக லாகூர் உயர் நீதிமன்றத்தில், மௌல்வி முஷ்டாக் ஹுசைன் தலைமையிலான ஐவர் அமர்வின் முன் நடந்தது. இதனால் பூட்டோவுக்கு ஒரு மேல்முறையீட்டுப் படி இல்லாமல் போனது. 1978 மார்ச் 18 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1979 பிப்ரவரி 6 அன்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. பட்டேல், குலாம் சஃப்தர் ஷா, முகம்மது ஹலீம் ஆகிய மூவரும் பூட்டோவை விடுவிக்க வேண்டும் என்றார்கள்.

பட்டேலின் மாறுபட்ட தீர்ப்பு ராணுவ ஆட்சியைப் பற்றி எதுவும் முழங்கவில்லை. அது நிற்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின்மேல். அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் பொதுவாகக் கொண்டிருந்த சட்டம் அது. அதன் 133ஆம் பிரிவு, குற்றத்தில் பங்கெடுத்தவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பது சட்டவிரோதமல்ல என்கிறது. 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றோ, முக்கிய விவரங்களில் வேறு சான்று உறுதிப்படுத்தாதவரை அப்படிப்பட்டவரை நம்பத் தகாதவராகக் கருதலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்து, அப்ரூவரின் சொல்லுக்குச் சுதந்திரமான உறுதிச் சான்று வேண்டும் என்பதை நூற்றாண்டுக்கும் மேலாக இத்துணைக்கண்டத்து நீதிமன்றங்கள் நடைமுறையாக்கியிருந்தன. சதிக்குப் பூட்டோ ஆணையிட்டார் என்பதற்கு மசூத் மஹ்மூதின் வாய்ச்சொல்லைத் தாண்டி அப்படியொரு சான்று இருக்கிறதா என்று பட்டேல் தேடினார். இல்லை என்று கண்டார். குற்றவியல் வழக்கறிஞர் எவருக்கும் பழக்கமான இந்த விதியை, சாதாரணக் குற்றவாளி ஒருவருக்குப் பொருத்துவதைப் போலவே முன்னாள் பிரதமருக்கும் பொருத்தினார், அவ்வளவுதான். அன்றைய சூழலில் அந்த ‘அவ்வளவு’ மிக அதிகம். நீதிமன்றம் வழக்கமான வேலையை வழக்கம்போலச் செய்வதைத்தான் ஆட்சி விரும்பவில்லை.

இந்தப் பிளவை மாகாணக் கணக்காகப் பார்க்கும் விளக்கம் ஒன்று பாகிஸ்தானில் பரவலாக உண்டு. பெரும்பான்மைத் தீர்ப்பளித்த அன்வாருல் ஹக், முகம்மது அக்ரம், கரம் இலாஹி சௌஹான், நசீம் ஹசன் ஷா ஆகிய நால்வரும் பஞ்சாபின் நீதித்துறையிலிருந்து வந்தவர்கள். மறுத்த மூவர் சிந்து, எல்லைப்புற மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். தொடக்கத்தில் அமர்வில் ஒன்பது பேர் இருந்தார்கள். கைசர் கான் ஓய்வுபெற்றார். வாஹிதுத்தீன் அகமது நோய்வாய்ப்பட்டார். பஞ்சாபைச் சேராத அவ்விருவரும் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கலாம் என்ற ஐயம் இன்றும் நீடிக்கிறது. இந்த விளக்கத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. பஞ்சாபை மையமாகக் கொண்ட ராணுவ, நிர்வாக உயரடுக்கோடு நீதிபதிகளுக்கு இருந்த நெருக்கம் உண்மையானது. ஆனால் இது தீர்ப்பு எங்கே பிளந்தது என்பதை விளக்குமே தவிர, எந்தக் காரணத்தால் பிளந்தது என்பதை விளக்காது. மாகாண உணர்வால் மட்டும் மாறுபட்டிருந்தால், சான்றுகளை வரி வரியாக எடைபோடும் தீர்ப்பு வந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பான்மையில் இருந்த நசீம் ஹசன் ஷா, பிற்காலத்தில் தலைமை நீதிபதியாகி ஓய்வுபெற்ற பிறகு, ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் அன்று நீதிபதிகள்மீது அழுத்தம் இருந்ததை ஒப்புக்கொண்டார். அழுத்தம் எல்லோர்மீதும் இருந்தது. பணிந்தவரும் பணியாதவரும் இருந்தார்கள்.

இன்னொரு நெருடலும் உண்டு. 1979 மார்ச் 24 அன்று பூட்டோவின் சீராய்வு மனுவை ஏழு பேரும் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். பட்டேலும் அதில் உண்டு. சீராய்வு என்பது மீண்டும் ஒரு மேல்முறையீடு அல்ல என்ற சட்ட நிலைப்பாட்டின்படி இதில் முரண் இல்லை. தண்டனையைக் குறைப்பது குறித்த வாதங்களை அரசு கருதிப் பார்க்கலாம் என்ற குறிப்பையும் நீதிமன்றம் சேர்த்தது. அரசு கருதவில்லை. ஏப்ரல் 4 அன்று பூட்டோ தூக்கிலிடப்பட்டார். முறைமையின்மீது பட்டேல் வைத்திருந்த பற்றுதான் அவரைப் பிப்ரவரியில் மறுக்க வைத்தது. மார்ச்சில் உடன்பட வைத்ததும் அதுவே.

1981: மூன்று பாதைகள்

1981 மார்ச் 24 அன்று வெளியான தற்காலிக அரசியலமைப்பு ஆணை, 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ராணுவத்துக்கு உவப்பான பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கிழித்தெறிந்தது. அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் ஜெனரலுக்கு உண்டு, எப்போதுமே இருந்தது என்றது. 1977 ஜூலை முதல் பிறப்பிக்கப்பட்ட ஆணைகள் அனைத்தும், எந்த நீதிமன்றத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் செல்லும் என்றது. நீதிபதிகள் இந்த ஆணையின்படி பிரமாணம் ஏற்க வேண்டும்; ஏற்காதவரும், ஏற்க அழைக்கப்படாதவரும் பதவி இழப்பார்கள். பட்டேலும் தற்காலிக நீதிபதியாக இருந்த ஃபக்ருத்தீன் இப்ராஹிமும் மறுத்தார்கள். பலூசிஸ்தானில் மர்ரி மறுத்தார். தலைமை நீதிபதி அன்வாருல் ஹக்கும் பிரமாணம் ஏற்கவில்லை. மௌல்வி முஷ்டாக் ஹுசைனை அழைக்கவே இல்லை. பூட்டோவுக்குத் தண்டனை விதித்தவருக்கும் அதை உறுதிசெய்தவருக்கும் ஆட்சி காட்டிய நன்றி இது.

அன்வாருல் ஹக்கின் விலகல் என் வாதத்துக்குச் சற்றே சங்கடமான செய்தி. பிரமாணத்தை மறுப்பதே எதிர்ப்பின் அளவுகோல் என்றால் 1977, 1979 தீர்ப்புகளின் ஆசிரியரையும் அதே மேடையில் ஏற்றவேண்டி வரும். ஏற்றத்தான் வேண்டும், தாம் எழுதிய தீர்ப்பின் நிபந்தனை முறிந்ததை அவரும் உணர்ந்தார் என்பதை மறுப்பது நியாயமல்ல. வேறுபாடு அந்தச் செயலில் இல்லை, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் இருக்கிறது. பட்டேலின் மறுப்புக்குப் பின்னால், அழுத்தம் உச்சத்தில் இருந்த ஒரு வழக்கில் அதை விலக்கிவிட்டு எழுதிய தீர்ப்பு நிற்கிறது. அன்வாருல் ஹக்கின் மறுப்புக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை.

உண்மையான ஒப்பீடு 1979இல் மறுத்த மூவருக்கு இடையேதான். சஃப்தர் ஷாமீது ஆட்சி விசாரணையை ஏவியது. அவருடைய வயதும் கல்விச் சான்றும் கிளறப்பட்டன. 1980இல் பதவியும் நாடும் துறந்து வெளியேறினார். பட்டேல் 1981இல் விலகினார். ஹலீம் பிரமாணம் ஏற்றார். பணிமூப்பில் பட்டேலுக்கு இளையவரான அவர் தலைமை நீதிபதியாகி 1989 இறுதிவரை அப்பதவியில் இருந்தார். பட்டேல் பணிந்திருந்தால் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அந்த நாற்காலி அவருடையதாக இருந்திருக்கும். கார்னீலியஸ் என்ற கிறித்தவர் ஏற்கெனவே வகித்த பதவி அது. பார்சியான பட்டேலுக்கு மதம் அங்கே சட்டத் தடையாக இல்லை.

இரண்டாவது ஆட்சேபத்தின் முழு வலிமையும் ஹலீமிடம் தெரிகிறது. நல்ல நீதிபதிகள் வெளியேறினால் இடம் யாருக்குப் போகும்? உள்ளே இருந்தால் ஒரு நாள் ஏதாவது செய்யலாம் அல்லவா? ஹலீம் செய்தும் காட்டினார். 1988இல் பெனாசிர் பூட்டோ தொடுத்த வழக்கில், அரசியல் கட்சிகளைப் பதிவுசெய்யும்படி கட்டாயப்படுத்திய விதிகளைச் சங்கம் அமைக்கும் உரிமைக்கு எதிரானவையென அவருடைய நீதிமன்றம் நிராகரித்தது. பாகிஸ்தானில் பொதுநல வழக்குகளுக்குக் கதவு திறந்த தீர்ப்பு அது. ஜியா உயிரோடிருந்தபோதே வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஹலீமைக் கோழை என்று சொல்வது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும்.

ஆயினும் இந்த வாதம் ஒரு காலக்கணக்கை மறைக்கிறது. 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரும்போது ராணுவச் சட்டம் விலக்கப்பட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அடிப்படை உரிமைகள் திரும்பியிருந்தன. 1981 மார்ச்சுக்கும் 1985 டிசம்பருக்கும் இடையில், குடிமக்களுக்கு நீதிமன்றம் மிகவும் தேவைப்பட்ட காலத்தில், உள்ளே இருந்தவர்களிடம் அதிகாரமே இல்லை. ராணுவ நீதிமன்றத்தின் கசையடித் தண்டனையை எதிர்த்து ஒருவர் வந்தால், அதைக் கேட்கும் உரிமையை அந்தப் பிரமாணமே பறித்திருந்தது. உள்ளே இருந்தபடி காப்பாற்றுவோம் என்ற வாதம், காப்பாற்றும் அதிகாரம் மிஞ்சியிருக்கும்வரை மட்டுமே செல்லும். 1977இல் அது மிஞ்சியிருந்தது, குறைந்தபட்சம் ஏட்டளவில். 1981இல் ஏட்டிலும் இல்லை. பட்டேல் முதல் முறை தங்கியதும் இரண்டாம் முறை விலகியதும் ஒரே அளவுகோலின் விளைவு என்று நான் கருதுவது இதனால்தான். அளவுகோல் போதுமானதா என்பது வேறு. தேர்தல் நடத்துவேன் என்று ஒரு ஜெனரல் சொன்ன சொல்லை நிபந்தனையாக ஏற்றுக்கொண்ட இடத்திலேயே அது பழுதாகிவிட்டது என்பது என் முடிவு.

பதவிக்குப் பின்

நீதிபதியின் எதிர்ப்பு பதவி விலகலோடு முடிந்தால் அது பெரும்பாலும் மௌனமாக முடியும். பட்டேலிடம் அது முடியவில்லை. 1980களின் நடுவில் பாகிஸ்தான் மனித உரிமை ஆணையத்தை நிறுவியவர்களில் அவர் ஒருவர். அரசு அமைப்பல்லாத அந்த ஆணையத்தில் அவரோடு நின்றவர் அஸ்மா ஜஹாங்கீர். 1972இல் தந்தையின் தடுப்புக்காவலை எதிர்த்து யாஹ்யாவை அபகரிப்பாளர் என்று நீதிமன்றத்தைச் சொல்லவைத்த அதே அஸ்மா ஜிலானி. 1977இல் அத்தீர்ப்பின் உயிர்ப்பகுதியைக் கைவிட்ட அமர்வில் இருந்தவரும், அதைப் பெற்றுத் தந்தவரும் ஒரே அமைப்பில் கொத்தடிமைத் தொழிலாளருக்காகவும் சிறுபான்மையினருக்காகவும் வேலை செய்தார்கள். பட்டேல் பின்னர் சர்வதேசச் சட்டவாதிகள் ஆணையத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 மார்ச்சில் காலமானார்.

அவருடைய முன்மாதிரி பின்வந்தவர்களை எந்த அளவு வழிநடத்தியது? 2000 ஜனவரியில் ராணுவ ஆட்சியாளர் பர்வேஸ் முஷாரஃப் இதே போன்ற பிரமாணத்தைக் கேட்டபோது தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்திக்கியும் உச்ச நீதிமன்றத்தின் வேறு ஐவரும் மறுத்தார்கள். எஞ்சியவர்களும் புதியவர்களும் சேர்ந்து அதே ஆண்டு மே மாதம் முஷாரஃபின் ஆட்சியைச் செல்லும் என்றார்கள். அந்த அமர்வில் இருந்த இஃப்திகார் சௌத்ரிதான் 2007இல் முஷாரஃபை எதிர்த்து வழக்கறிஞர் இயக்கத்தின் முகமானார். ஒப்புதல் முதலில், மறுப்பு பிறகு என்ற வரிசை பாகிஸ்தான் நீதித்துறையில் தனிமனிதரின் குறை மட்டுமல்ல, ஏறத்தாழ ஒரு வடிவம் என்பதை இது காட்டுகிறது. 2007இல் மறுத்தவர்களுக்குத் தெருவில் நின்ற ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் துணையிருந்தார்கள். 1981இல் பட்டேலுக்கு அப்படி எவரும் இல்லை.

2010இல் பாகிஸ்தான் நாடாளுமன்றம் பதினெட்டாம் திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பின் ஆறாம் பிரிவை மாற்றி, அரசியலமைப்பைக் கவிழ்க்கும் செயலை உச்ச நீதிமன்றம் உட்பட எந்த நீதிமன்றமும் செல்லும் என்று அறிவிக்க முடியாது என விதித்தது. 2024 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், பூட்டோவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள். ஆனால் முடிந்துபோன தீர்ப்பை ரத்து செய்யச் சட்டத்தில் வழியில்லை என்றும் சொன்னார்கள். எனவே பாகிஸ்தானின் சட்ட ஏடுகளில் 1979 பிப்ரவரி 6ஆம் தேதித் தீர்ப்பு இன்றும் நான்குக்கு மூன்று என்றே நிற்கிறது.